உங்களுக்குத் தெரியுமா? – குண்டு விழாத ஊரின் சோற்றுப்பானை

அணுகுண்டு என்றதும் காளான் மேகமும் ஹிரோஷிமாவும்தான் கண்ணில் வரும். இந்த இதழில் குண்டு விழாத ஊர்களைப் பார்ப்போம். அங்கே அடுத்த வருஷம் என்ன விளையும், யார் வீட்டில் உலை கொதிக்கும்? விஞ்ஞானிகள் இதை 40 வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சில துணுக்குகள் துணுக்கு என்ற அளவைத் தாண்டிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

● இந்தக் கணக்குக்கு ஒரு விதை செவ்வாய் கிரகத்தில் விழுந்தது. 1971 நவம்பரில் அமெரிக்காவின் மரைனர் 9 விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல். படம் எடுக்கப் போன இடத்தில் வாரக்கணக்காக ஒன்றும் தெரியவில்லை. சும்மா இருக்காமல் விஞ்ஞானி கார்ல் சாகனும் கூட்டாளிகளும் வெப்பநிலையை ஆராய்ந்தார்கள். புழுதி வெயிலை உறிஞ்சிக்கொண்டதால் மேலே காற்று சூடேறியிருந்தது, கீழே தரை குளிர்ந்து கிடந்தது. பூமியை இப்படி ஏதாவது மூடினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர்களை விடவில்லை.

1982-ல் பால் குருட்சன், ஜான் பர்க்ஸ் இருவரும் அணு ஆயுதப் போரில் எரியும் நகரங்களின், காடுகளின் புகை பகலையே மங்க வைக்கும் என்று எழுதினார்கள். மறுவருஷம் டிசம்பரில் டர்கோ, டூன், அக்கர்மன், பொலாக், சாகன் ஐவரும் 'சயன்ஸ்' இதழில் முழுக்கணக்கையும் வெளியிட்டார்கள். 'அணுக் குளிர்காலம்' என்று பெயர் வைத்தவர் ரிச்சர்ட் டர்கோ. ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சாகன்.

● புகைதானே, மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடாதா? தாழ்வான புகை என்றால் போய்விடும். நகரம் எரிந்தால் பெட்ரோல், தார், பிளாஸ்டிக் எல்லாம் எரிந்து கன்னங்கரேலென்று கரித்துகள் கிளம்பும். கரி வெயிலை வாங்கிச் சூடாகிறது, சுற்றியுள்ள காற்றையும் சூடாக்குகிறது, அந்தச் சூட்டிலேயே இன்னும் மேலே ஏறுகிறது. ஏறிப்போய் நிற்கும் அடுக்கு மண்டலத்தில் மழையே கிடையாது. அதனால் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கும்.

இது வெறும் கம்ப்யூட்டர் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 2017-ல் ஒரு சாட்சி கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பற்றிய காட்டுத்தீயின் புகை, 12 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டே மாதத்தில் 23 கிலோமீட்டருக்குத் தானாக ஏறியது. செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டே இருந்தன.

● சாகன் தவறவிட்ட கணக்கும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் குவைத்தின் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் பற்றி எரிந்தபோது, ஆசியாவில் விவசாயமே பாதிக்கப்படலாம் என்று அவர் எச்சரித்தார். வளைகுடாவில் பட்டப்பகல் இருண்டது உண்மை. ஆனால் புகை அவர் பயந்த உயரத்துக்கு ஏறவில்லை, உலகத்தின் தட்பவெப்பமும் அசையவில்லை. பின்னாளில் தன் புத்தகத்தில் சாகனே இதை எழுதிவைத்தார். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 2018-ல் வேறு கணக்கு போட்டு, கரி அவ்வளவு மேலே போகாது என்றார்கள். விவாதம் இன்னும் தீரவில்லை. எந்த ஊர், எவ்வளவு எரியும், எத்தனை நாள் எரியும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. கீழே வரும் எண்களை அந்த நினைப்போடு படியுங்கள்.

● வெயிலை மறைக்கக் குண்டுதான் வேண்டும் என்பதில்லை. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. அடுத்த வருஷத்துக்குச் சரித்திரத்தில் 'கோடை வராத ஆண்டு' என்று பெயர். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதம் பனி விழுந்தது. ஐரோப்பாவில் மழை விடவே இல்லை, கோதுமை அழுகியது, ரொட்டி விலை ஏறி ஊர் ஊராகக் கலவரம் நடந்தது. சீனாவின் யுன்னானில் பஞ்சம். இத்தனைக்கும் உலக சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த மேரி ஷெல்லிக்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதை கிடைத்தது அந்தக் கோடையில்தான். இந்தச் சேதியை எல்லாரும் எழுதிவிட்டார்கள், எனவே இத்துடன் விடுவோம்.

● உலகத்தில் இன்று இருக்கும் அணுகுண்டுகள் சுமார் 12,000. அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக, ஹிரோஷிமா அளவுக் குண்டுகள் நூறே நூறு, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டால்? நம் துணைக்கண்டத்தை வைத்து எழுதிய இந்தக் கணக்கு ஆராய்ச்சி உலகில் ரொம்பப் பிரபலம். 2020-ல் வெளிவந்த ஆய்வின்படி 50 லட்சம் டன் கரி மேலே போகும், உலக வெப்பம் சுமார் 1.8 டிகிரி குறையும். முதல் ஐந்து வருஷத்தில் சராசரியாக மக்காச்சோளம் 13 சதவீதம், கோதுமை 11, சோயா 17, அரிசி 3 சதவீதம் குறையும்.

முதல் வருஷம் கையிருப்பை வைத்து ஓட்டிவிடலாம் என்கிறது அதே ஆய்வு. சிக்கல் அதற்குப் பிறகு. அதிகம் அடி வாங்குவது அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ரஷ்யா என்று குண்டு விழாத வடக்கு நாடுகளின் வயல்கள். அவர்கள் விற்பதை நம்பிச் சாப்பிடும் ஏழை நாடுகளுக்கு அதற்கடுத்த அடி.

● அரிசி மூன்றே சதவீதம்தானே என்று நிம்மதியாக வேண்டாம். நெற்பயிருக்குக் குளிரில் ஒரு மர்மஸ்தானம் இருக்கிறது. தொண்டைக்கதிர் பருவத்தில் சில நாள் 17, 18 டிகிரிக்குக் கீழே போனாலே மகரந்தம் உருவாகாது. பயிர் பச்சையாக நிற்கும், கதிரும் வரும், தடவிப் பார்த்தால் எல்லாம் பதர். அறுவடை வரை விவசாயிக்கே தெரியாமல் போகலாம்.

ஜப்பானில் 1993-ல் இது நடந்தது. 1991-ல் பிலிப்பைன்ஸில் வெடித்த பினடூபோ எரிமலை உலகத்தை அரை டிகிரி அளவுக்குக் குளிர்வித்திருந்தது. அந்தக் கோடைக்குளிருக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் அதற்கும் பங்குண்டு என்று கருதுகிறார்கள். வழக்கமான விளைச்சலை 100 என்று வைத்தால் அந்த வருஷம் நாடு முழுவதற்கும் கிடைத்தது 74. வடக்கே அவோமோரியில் 28. அந்நிய அரிசியை வாசல்படி ஏறவிட மாட்டோம் என்று பல வருஷமாகப் பிடிவாதம் பிடித்த ஜப்பான், தாய்லாந்து, சீனா, அமெரிக்கா என்று அலைந்து சுமார் 26 லட்சம் டன் வாங்கியது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. தாய்லாந்து அரிசி உதிரி உதிரியாக இருக்கிறது, வாசனை பிடிக்கவில்லை என்று ஜப்பானியர் முகம் சுளித்தது தனிக்கதை. கையில் காசிருந்த நாடு, அதனால் சுளிக்க முடிந்தது.

● நம்ம பக்கத்துக்குக் குளிரைவிடப் பெரிய கவலை மழை. தரை கடலைவிட வேகமாகச் சூடாவதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெயில் மங்கினால் அந்த இழுப்பு தளர்ந்துபோகும். ஆசியப் பருவமழை கணிசமாகக் குறையும் என்று 2007-லேயே விஞ்ஞானி ஆலன் ரோபோக் குழுவின் கணக்கு சொன்னது.

● கரி சூடாவதால் ஓசோன் படலமும் கெடும். நூறு குண்டுக் கணக்கிலேயே மக்கள் வாழும் பகுதிகளின்மேல் ஓசோன் 20 முதல் 50 சதவீதம் குறையலாம் என்கிறது 2014-ல் வந்த ஓர் ஆய்வு. ஆக, வெயில் போதாது, வருகிற வெயிலிலும் புற ஊதாக்கதிர் அதிகம்.

● 2022 ஆகஸ்டில் 'நேச்சர் ஃபுட்' இதழில் வந்த ஆய்வில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்களிடமுள்ளதை முழுமூச்சாகப் பயன்படுத்தினால் குண்டிலேயே சாகிறவர்கள் சுமார் 36 கோடி. இரண்டாம் வருஷக் கடைசிக்குள் சாப்பாடில்லாமல் சாகக்கூடியவர்கள் 500 கோடிக்கு மேல். பதினான்கு மடங்கு. நூறு குண்டு என்ற 'சின்ன' போரிலும் பசிக்கு 25 கோடிப் பேர் பலியாகலாம். லிலி ஷியா தலைமையிலான குழு போட்ட கணக்கு இது.

நாடுகளுக்கிடையே உணவு வியாபாரம் அடியோடு நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு போட்ட எண்கள் இவை. அது மிகையா? அடுத்த மூன்று துணுக்குகளையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

● 1943 வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் 20 முதல் 30 லட்சம். அந்த வருஷம் அங்கே கிடைத்த உணவு, முந்தைய ஐந்து வருஷ சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு என்று அமர்த்தியா சென் கணக்கிட்டுக் காட்டினார். பஞ்சமில்லாத 1941-ஐவிட அதிகம்கூட. சென்னின் புள்ளிவிவரத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் அரிசி விலை ஏறிய வேகத்தில் கூலி ஏறாததும், பதுக்கலும், பர்மாவை ஜப்பான் பிடித்ததால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றதும், படகுகளை அரசே பறித்ததும் யாரும் மறுக்காத சங்கதிகள். உணவு இருந்தது, வாங்கச் சக்தியில்லாத மீனவர்களும் விவசாயக் கூலிகளும் கல்கத்தா நடைபாதையில் விழுந்தார்கள்.

அணுப்போர்ப் பஞ்சம் பற்றி அமெரிக்க டாக்டர் ஐரா ஹெல்ஃபண்ட் 2012-ல் எழுதிய அறிக்கை இந்த வங்காள உதாரணத்தைத்தான் பிடித்துக்கொண்டது. பசியில் வாடப்போகிறவர்கள் 100 கோடி என்றார், மறுவருஷம் அதை 200 கோடியாக்கினார். அவர் சார்ந்த மருத்துவர் சங்கத்துக்கு 1985-லேயே அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்திருக்கிறது.

● போரே இல்லாமலும் கதவு சாத்தப்படும். 2007-08-ல் இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியை நிறுத்த, உலக விலை சில மாதங்களில் கிட்டத்தட்ட மும்மடங்காயிற்று. இத்தனைக்கும் அந்த வருஷம் உலகத்தில் அரிசி மகசூல் மோசமில்லை. உக்ரைன் போரும் மார்ச் மாத வெயிலும் சேர்ந்து படுத்திய 2022-ல் மே 13-ஆம் தேதி இந்தியா கோதுமைக்குத் தடை போட்டது, 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு. உள்நாட்டு விலையைப் பார்க்கிற அரசாங்கம் எதுவாக இருந்தாலும் இதைத்தான் செய்யும். அமெரிக்காவில் தமிழர்களும் தெலுங்கர்களும் மளிகைக் கடைக்கு ஓடிப் அரிசி மூட்டையை அள்ளிய வீடியோக்கள் நினைவிருக்கிறதா?

● குண்டு உரத்தொழிற்சாலைமேல் விழ வேண்டியதில்லை, கப்பல் வராமல் போனாலே போதும். உலக ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு செயற்கை நைட்ரஜன் உரத்தில் நிற்கிறது என்பார்கள். உரம் சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2021-ல் அனுபவித்தது. அந்த வருஷம் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டாலும் பெரும்போக விளைச்சல் பலமாக அடிவாங்கியது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியில் கையேந்தியது. அங்கே வெயில் குறையவில்லை, மழை பொய்க்கவில்லை.

● இந்திய உணவுக் கழகத்தின் குடோன்களில் ஜூலை 1-ஆம் தேதி இருந்தாக வேண்டிய அரிசி, கோதுமை கையிருப்பின் விதிமுறை அளவு சுமார் 411 லட்சம் டன். 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 29 கிலோ. நாளுக்கு 400 கிராம் என்றால் இரண்டரை மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் மேலே சொன்ன குளிர் ஐந்து வருஷத்துக்கு மேல் நீடிக்கும் என்கிறார்கள்.

● சுவிட்சர்லாந்தில் குடிமக்கள் எல்லாருக்கும் நிலவறைப் பாதுகாப்பிடம் இருக்க வேண்டும் என்று பனிப்போர்க் காலத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. அரிசி, சர்க்கரை, எண்ணெயோடு காப்பிக்கொட்டையும் அந்நாட்டின் கட்டாயக் கையிருப்புப் பட்டியலில் உண்டு, 15,000 டன்னுக்கு மேல். காப்பியில் கலோரி கிடையாது, உயிர் வாழத் தேவையில்லை, நீக்கிவிடலாம் என்று 2019 ஏப்ரலில் அரசு சொன்னது. எழுந்த எதிர்ப்பில் அந்த வருஷக் கடைசிக்குள்ளேயே பின்வாங்கியது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

● நார்வே அரசு தானியக் கையிருப்பு வேண்டாமென்று 2003-ல் நிறுத்திவிட்டது. 2024-ல் தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு மறுபடி 30,000 டன் சேர்க்க ஆரம்பித்திருக்கிறது.

● 2006 மார்ச்சில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைச் சோதிக்கப் போன பணியாளர்கள், அஸ்திவாரத்துக்குள்ளே ஒரு மறந்துபோன அறையைக் கண்டார்கள். தண்ணீர் டிரம்கள், கம்பளிகள், மருந்துகள், தகர டப்பாக்களில் சுமார் 3,52,000 பிஸ்கட்டுகள். சில பெட்டிகளில் 1957, சிலவற்றில் 1962 என்று முத்திரை. முதலாவது சோவியத் யூனியன் ஸ்புட்னிக் விட்ட வருஷம், அடுத்தது கியூபா ஏவுகணை நெருக்கடி. குண்டு விழுந்தால் பதுங்குகிறவர்களுக்கு என்று வைத்தது. இப்படி நாடு முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களில் பிஸ்கட் அடுக்கினார்கள். எல்லாம் இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வருவதற்கான ஏற்பாடு. வெளியே வந்த பிறகு எதை விதைப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

● 1955-ல் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனையின்போது பக்கத்தில் பீர் பாட்டில்களையும் சோடா பாட்டில்களையும் அடுக்கிவைத்துப் பார்த்தார்கள். சுமார் 320 மீட்டர் தூரத்தில் இருந்தவையும் பெரும்பாலும் உடையவில்லை. குடிக்கலாம் என்று முடிவு. குண்டுக்கு மிக அருகில் இருந்த பீர் மட்டும் ருசி கொஞ்சம் மாறிவிட்டதாம். அரசாங்கச் செலவில் யாரோ ருசி பார்த்திருக்கிறார்கள்.

● சாப்பாட்டில் கதிர்வீச்சு எப்படி நுழைகிறது? உடம்பும் செடியும் ஏமாறுவதால். ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும். புல்லில் விழுந்து, மாட்டுக்குள் போய், பால்வழியாகக் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் உட்காரும். 1958-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் டாக்டர் லூயிஸ் ரீஸ் என்ற பெண்மணியின் தலைமையில் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பல் கொடுத்த குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள் வந்தன. நெவாடா, பசிபிக், சைபீரியா என்று எங்கெங்கோ வெடித்த சோதனைக் குண்டுகளின் ஸ்ட்ரான்சியம் அவற்றில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. 1963-ல் வானிலும் கடலிலும் அணுச்சோதனை கூடாது என்று ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு இந்தப் பற்களும் ஒரு காரணம்.

சீசியம்-137 பொட்டாசியத்தின் வேஷம் போடும். பசிபிக்கின் பிகினித் தீவில் அமெரிக்கா 1946-க்கும் 1958-க்கும் இடையே 23 குண்டுகளை வெடித்தது. ஆபத்தில்லை என்று சொல்லி 1970-களின் தொடக்கத்தில் சனங்களைத் திரும்ப அழைத்துவந்தார்கள். வெளியே நடமாடினால் பெரிய ஆபத்தில்லைதான், ஆனால் அவர்கள் அங்கே காய்த்த தேங்காயைச் சாப்பிட்டார்கள். உடம்பில் சீசியம் ஏற, 1978-ல் எல்லாரையும் மறுபடி வெளியேற்ற வேண்டியதாயிற்று. தென்னைக்குத் தாராளமாகப் பொட்டாஷ் உரம் போட்டால் அது சீசியத்தை எடுப்பது வெகுவாகக் குறைகிறது என்பது பிறகு அங்கேயே நடந்த சோதனைகளில் தெரிந்தது.

● ஹிரோஷிமாவில் 75 வருஷத்துக்குப் புல்பூண்டு முளைக்காது என்று அன்று பேச்சு. சில வாரத்திலேயே முளைத்தது. சாம்பல்மேட்டில் சீக்கிரமே பூத்த அரளி இன்று அந்த நகரத்தின் மலர். மனிதர்களுக்குச் சோறு முளைக்கத்தான் நேரம் பிடித்தது. அரிசி கிடைக்காத அந்த வருஷங்களில் அமெரிக்க நிவாரணக் கோதுமை மாவை மெல்லிய தோசையாக ஊற்றி, மேலே முட்டைக்கோஸைக் குவித்து இரும்புக்கல்லில் சுட்டு விற்றார்கள். போருக்கு முன் குழந்தைகளுக்கான காசுப் பலகாரமாக இருந்தது, வயிறு நிறைக்கும் சாப்பாடாயிற்று. கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டு முன்பக்கத்திலேயே கல்லைப் போட்டுக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார்கள். இன்று ஹிரோஷிமா ஒகோனோமியாக்கி என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று சாப்பிடுவது அதைத்தான்.

● பட்டினியில் விதைநெல்லைத் தின்னாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்? இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு 872 நாள் முற்றுகையில் கிடந்தது. அந்நகரத்தின் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உலகெங்கிலுமிருந்து நிகோலாய் வாவிலோவ் திரட்டிய கோதுமை, நெல், பட்டாணி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு என டன் கணக்கில் விதைகள். அவற்றுக்குக் காவல் இருந்த விஞ்ஞானிகளில் பலர் பசியில் செத்தார்கள், விதையைத் தொடவில்லை. நெல் பிரிவைப் பார்த்த திமித்ரி இவானோவ் செத்தபோது அவரைச் சுற்றி நெல் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. சேகரித்த வாவிலோவையோ ஸ்டாலின் அரசு 1940-ல் சிறையில் தள்ளியிருந்தது. 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் அவரும் பட்டினியில் இறந்தார்.

2008-ல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் உறைபனி மலைக்குள் திறந்த உலக விதைப் பெட்டகத்திலிருந்து முதன்முதலில் விதையைத் திருப்பி எடுத்ததும் போரினால்தான். சிரியாவின் அலெப்போ அருகே இருந்த விதைவங்கியை நடத்த முடியாமல் போக, அந்த ஆராய்ச்சி நிலையம் 2015-ல் தான் அடைக்கலம் வைத்ததில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கியது. லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017 முதல் திரும்பவும் பெட்டகத்தில் போட்டுவருகிறது.

● வெயில் மங்கினால் என்ன சாப்பிடலாம் என்பதற்கே தனி ஆராய்ச்சிக் கூட்டம் இருக்கிறது. டேவிட் டென்கன்பெர்கரும் ஜோஷுவா பியர்ஸும் 2014-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்கள். செத்த மரத்தில் காளான், மரத்தூளிலிருந்து சர்க்கரை, எரிவாயுவைத் தின்னும் பாக்டீரியாவிலிருந்து புரதம், இலையைப் பிழிந்து புரதம் என்று போகிறது பட்டியல். எல்லாம் புதிசும் இல்லை. மரச்சர்க்கரையைப் போர்க்கால ஜெர்மனி தயாரித்தது. இலைப்புரதம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் பேசப்பட்ட யோசனை, 1970-களில் கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் குழந்தைகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள்.

இதில் எனக்கு நம்பிக்கையூட்டுவது கடற்பாசி. நிலம் குளிரும்போது கடலின் மேல்நீரும் குளிர்ந்து கீழே இறங்கும், அடியிலுள்ள சத்துகள் மேலே வரும், பாசி தழைக்கும். கயிறும் மிதவையும் கிடைத்தால் 9 முதல் 14 மாதத்துக்குள் உலக உணவுத் தேவையில் 45 சதவீதத்துக்குச் சமமான பாசியை வளர்க்கலாம் என்று 2024-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. முழுவதையும் தட்டில் போட முடியாது. பாசியில் அயோடின் அதிகம், மனிதச் சாப்பாட்டில் 15 சதவீதம் போலத்தான் தாங்கும். மீதி கால்நடைத் தீவனத்துக்கும் எரிபொருளுக்கும் போக, அங்கே மிச்சமாகும் தானியம் நமக்கு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கிராசிலேரியா இனப் பாசி. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக மூழ்கி எடுத்து அகர் ஆலைகளுக்கு விற்கும் கஞ்சிப்பாசியும் அதே இனம்தான்.

● மீன்? வெயில் குறைந்தால் கடலின் நுண்பாசி குறையும், மீனும் குறையும். ஆனால் இப்போதே அளவறிந்து பிடித்து மீன்வளத்தைப் பெருக விட்டிருந்தால், நெருக்கடி வருஷத்தில் அது கையிருப்பாக உதவும் என்று 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. அரசாங்கங்கள் இதைக் கேட்க அணுப்போர் வரை காத்திருக்கத் தேவையில்லை.

● இருப்பதிலேயே தப்பிக்க வாய்ப்பதிகமுள்ள நாடுகள் என்று எல்லாக் கணக்கிலும் வருபவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். சுற்றிக் கடல், சனம் குறைவு, விளைச்சல் மிச்சம். நியூசிலாந்து 1987-ல் அணு ஆயுதத்துக்கு எதிராகச் சட்டம் போட்ட அதே வருஷம், 'அணுப்போருக்குப் பின் நியூசிலாந்து' என்று ஒரு ஆய்வையும் வெளியிட்டது. சாப்பாடு இருக்கும், ஆனால் டிராக்டருக்கு டீசலும் உதிரிப்பாகமும், ஆஸ்பத்திரிக்கு மருந்தும் எங்கிருந்து வரும் என்று அது கவலைப்பட்டது. அன்று நாட்டிலிருந்த ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் லாபமில்லை என்று 2022-ல் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டது.

● கடைசியாக ஒன்று. அணுப்போரின் விளைவுகளைப் பற்றி ஐ.நா. முழு ஆய்வு செய்து 35 வருஷத்துக்கு மேலாகிறது. புதிதாக 21 நிபுணர்கள் கொண்ட குழு அமைத்து, உணவு, விவசாயம், சுகாதாரம் உட்பட எல்லாவற்றையும் ஆராய வேண்டும் என்று அயர்லாந்தும் நியூசிலாந்தும் முன்னின்று கொண்டுவந்த தீர்மானம் 2024 டிசம்பரில் பொதுச்சபையில் நிறைவேறியது. எதிர்த்தவை பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா. அறிக்கை 2027-ல் வர வேண்டும்.